இலக்கண நூல் ஆறு, எழுதியதோ பத்துப் பக்கம்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு ஆங்கிலத் தகுதித் தேர்வும் இலக்கணப் பயிற்சி நூல்களும். தலைப்பைக் கேட்டதும் சிலர் வேறு அலைவரிசைக்குப் போய்விடக்கூடும். இலக்கணம் என்றாலே தூக்கம் வரும் என்பார்கள். ஆனால் இதில் நம் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடம் அடங்கியிருக்கிறது. அப்பாமார்களின் கைக்காசும் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கிள்ளானில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். மூத்த மகள் தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டுகள் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள். எம்.யூ.இ.டி. என்கிற மூவெட் தேர்வில் அவளுக்குக் கிடைத்தது 3. அவள் விரும்பும் படிப்புக்குக் கேட்பதோ 4. மறுபடியும் எழுத வேண்டும்.

அவளுடைய அலமாரியில் ஆறு ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்கள் இருக்கின்றன. ஒன்று பள்ளியில் வாங்கச் சொன்னது. ஒன்று டியூஷனில் கொடுத்தது. இரண்டு அத்தை மகன் படித்து முடித்துவிட்டுத் தந்தவை. ஒன்று பேரங்காடி புத்தகக்கடையில் கழிவு விலையில் கிடைத்தது. கடைசியாக ஒன்றை, தேர்வு முடிவு வந்த அன்று மாலையே அப்பா வாங்கி வந்தார். "இது பெரிய புக்காம்மா, கடையிலேயே இதுதான் தடிப்பு" என்று கொடுத்தார். அவளும் "சரிப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆறையும் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கம் பென்சிலால் நிரம்பியிருக்கும். அதற்குப் பிறகு வெள்ளைத்தாள். நம் கடைகளில் கிடைக்கும் பயிற்சி நூல்களில் பல பெயர்ச்சொல்லில்தான் தொடங்குகின்றன. ஆக இந்தப் பெண் பெயர்ச்சொல்லை ஆறு முறை படித்துவிட்டாள். காலங்களைப் பற்றிய பாடத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. அவளுடைய கட்டுரையில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த இடங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் காலம் தவறிய வினைச்சொற்கள்!

இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் என்றால் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டும் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

தேர்வு எதைக் கேட்கிறது?

மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் மூவெட் தேர்வு 1999-இல் தொடங்கியது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு தாள்கள். இந்த நான்கில் இலக்கணத் தாள் என்று ஒன்று இல்லை. பல பெற்றோர்களுக்கு இது தெரியாது. "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று வரிசையாக ஐம்பது இலக்கணக் கேள்விகள் வரும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி நூல்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வராது. அப்படியானால் இலக்கணமே வேண்டாமா? வேண்டும். அது எழுதும் தாளிலும் பேசும் தாளிலும் ஒளிந்துகொண்டு வரும். எழுதுதல் தாளில் 75 நிமிடம். முதலில் குறைந்தது 100 சொற்களில் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். அடுத்து குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. அந்த 350 சொற்களும் மாணவர் சொந்தமாக எழுதுகிறவை. அங்கே கோடிட்ட இடம் கிடையாது. முழுத்தாளும் காலி இடம்தான். எந்த இடத்தில் எந்தக் காலம், எந்த விகுதி என்பதை எழுதுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போக எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்விலும் இதே கதைதான். தனி இலக்கணத் தாள் இல்லை; ஆனால் எழுதுதலிலும் பேசுதலிலும் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு இலக்கணத்துக்கு. இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். பிழையில்லாமல் இருக்கிறதா என்பது ஒன்று. பலவகையான வாக்கியங்கள் வருகின்றனவா என்பது இன்னொன்று. பிழைக்குப் பயந்து மூன்று சொல் வாக்கியமாகவே எழுதிக்கொண்டு போனால் இரண்டாவதில் அடிபடும். அமெரிக்க டோஃபல் தேர்வில் முன்பு இலக்கண அமைப்புக்கென்றே தனிப் பகுதி இருந்தது. 2005-இல் இணையவழித் தேர்வு வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் காலத்து டோஃபல் இலக்கண நூல்கள் இன்னும் பழைய புத்தகக் குவியல்களில் கிடக்கின்றன. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் அவற்றில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைப் போட்டுப் போட்டுத் தவறான விடையைக் கழிக்கக் கற்றுக்கொள்ளலாம். சரியான வாக்கியத்தை எழுதக் கற்றுக்கொள்வது வேறு வேலை.

அத்தை மகன் கொடுத்த புத்தகம்

பழைய புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் புத்தகம் கைமாறுவது நல்ல பழக்கம். ஆனால் மூவெட் 2021-இல் மாறிவிட்டது. அதற்கு முன் மொத்தம் 300 மதிப்பெண். அதில் வாசித்தலுக்கு மட்டும் 120. தரம் 1 முதல் 6 வரை. எழுதுதலில் வரைபடத்தைப் பார்த்து 150 சொல்லில் ஒரு அறிக்கையும், 350 சொல்லில் ஒரு கட்டுரையும் கேட்பார்கள். 2021 முதல் நான்கு தாள்களுக்கும் சம மதிப்பு, ஒவ்வொன்றும் 25 விழுக்காடு. உச்சத் தரம் 5+. வரைபட அறிக்கை போய் மின்னஞ்சல் வந்துவிட்டது.

ஆகவே மாதிரித் தேர்வு நூலை வாங்கும்போது எழுதுதல் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். வரைபடம் இருந்தால், 150 சொல், 350 சொல் என்றிருந்தால், அது பழைய பாடத்திட்டம். அட்டை புதிதாகப் பளபளத்தாலும் உள்ளே பழசுதான். அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வரைபட அறிக்கை எழுதிப் பழகிய பிள்ளை, தேர்வு மண்டபத்தில் மின்னஞ்சலைப் பார்த்துத் திகைத்து நிற்கும்.

ஆனால் இலக்கண நூலுக்கு இது பொருந்தாது. தேர்வு மன்றம் தேர்வு முறையை மாற்றலாம், ஆங்கிலத்தின் இறந்த காலத்தை மாற்ற முடியாது. அத்தை மகன் கொடுத்த இரண்டில் மாதிரித் தேர்வு நூலை ஒதுக்கிவிட்டு, இலக்கண நூலை வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சிவப்பா, நீலமா, பச்சையா?

இனி, எந்த நூல்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மூன்று நூல்களை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்துக்காகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கோலாலம்பூரின் பெரிய புத்தகக்கடைகளில் எளிதாகக் கண்ணில் படுபவை என்பதால் உதாரணத்துக்கு வசதி. சிவப்பு அட்டை தொடக்க நிலை. நீல அட்டை நடுநிலை. ரேமண்ட் மர்ஃபி எழுதியது, 1985-இல் முதலில் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2019-இல் வந்தது. சிவப்பும் அவர் எழுதியதே. பச்சை அட்டை உயர்நிலை. மார்ட்டின் ஹியூவிங்ஸ் எழுதியது.

பெற்றோர் கை எங்கே போகும்? பச்சைக்குத்தான் போகும். "உயர்ந்தது வாங்கினால் உயர்ந்த மார்க்" என்று ஒரு நம்பிக்கை. பச்சை நூல் ஏற்கெனவே நன்றாக எழுதுகிறவர்களுக்கு. சி.இ.எஃப்.ஆர். என்கிற ஐரோப்பிய அளவுகோலில் அது சி1, சி2 நிலை. நீலம் பி1, பி2. இப்போது மூவெட்டைப் பாருங்கள். 2021-இலிருந்து அதையும் இதே அளவுகோலோடு இணைத்திருக்கிறார்கள். 3, 3.5 வாங்கியவர் பி1, 4, 4.5 வாங்கியவர் பி2. நம் கிள்ளான் பெண் 3-இலிருந்து 4-க்கு ஏற வேண்டியவள். அவளுக்கு வேண்டியது நீலம். 2 வாங்கிய பிள்ளைக்குச் சிவப்பு. சிவப்பு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடுத்ததும் பச்சையைக் கையில் கொடுத்தால் பத்தாம் பக்கத்தோடு நின்றுவிடும், ஏழாவது நூலாக அலமாரிக்குப் போகும்.

கடையில் நின்று இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த நூல்கள் விடையோடும் வரும், விடை இல்லாமலும் வரும். விடை இல்லாத பதிப்பு ஆசிரியர் வகுப்பில் வைத்து நடத்துவதற்கு. விலை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் உடனே எடுத்துவிடாதீர்கள். வீட்டில் திருத்திக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு விடைப் பகுதி இல்லாத நூல் எதற்கு?

நீல நூலில் 145 பாடங்கள். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரிசையாகப் போட வேண்டியதில்லை, தேவையான பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நூலே முன்னுரையில் சொல்லிவிடுகிறது. பின்பக்கத்தில் எந்தப் பாடம் உங்களுக்குத் தேவை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனையும் இருக்கிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள்! அந்தச் சோதனையைப் போட்டால் 145-ஐயும் கட்டி அழ வேண்டியதில்லை என்பது தெரியும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது.

தாத்தா காலத்து ரென் அண்ட் மார்ட்டின் நூலைப் பற்றியும் கேட்பார்கள். 1930-களில் எழுதப்பட்டு, இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கும் வந்த நூல். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெரியவர்கள் சிலர் இன்றும் அதன் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார்கள். வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க அருமையான நூல். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் மின்னஞ்சல் எழுதப் போகிற பிள்ளைக்கு முதல் நூலாக அதைக் கொடுக்க வேண்டாம்.

வாங்குமுன் பார்த்துவிட நூலகங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம், ஷா ஆலாமில் ராஜா துன் ஊடா நூலகம். ஒரு சனிக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு நடுப்பக்கத்தைத் திறந்து விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். விளக்கமே புரியவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள். பயிற்சியில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் ஒரு படி ஏறுங்கள். தவறுகள் வர வேண்டும். ஏன் தவறு என்பது விளக்கத்தைப் படித்தால் புரியவும் வேண்டும். அதுதான் அந்தப் பிள்ளையின் நூல்.

எங்கே தடுக்கி விழுகிறோம்?

நூலை வாங்கியாயிற்று. 145 பாடத்தில் எதிலிருந்து தொடங்குவது? நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி விடை இருக்கிறது. எங்கோ உட்கார்ந்து நூல் எழுதியவருக்கு நம் வீட்டு மொழிகள் தெரியாது. நமக்குத் தெரியும்.

நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, பள்ளியில் மலாய் படிக்கிறது, மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வருகிறது. தமிழிலும் இல்லாத, மலாயிலும் இல்லாத ஒன்று ஆங்கிலத்தில் இருந்தால், அங்கேதான் குழி.

"என் அப்பா ஓட்டுநர்" என்று தமிழில் சொல்கிறோம். மலாயில் "பாப்பா சாயா பெமாண்டு". மூன்றே சொல். இரண்டு மொழியிலும் இது முழு வாக்கியம். ஆங்கிலத்தில் "மை ஃபாதர் இஸ் எ டிரைவர்" என்று ஐந்து சொல் வேண்டும். "இஸ்" என்பதும் "எ" என்பதும் நம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் இல்லாத உறுப்புகள். அதனால்தான் "மை ஃபாதர் டிரைவர்" என்று எழுதிவிடுகிறார்கள், அல்லது "மை ஃபாதர் இஸ் டிரைவர்" என்று பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

பேச்சில் "பத்து புத்தகம் வாங்கினேன்" என்போம். மலாயில் "செபுலு புக்கு". எண் வந்துவிட்டால் பன்மை தனியாகத் தேவையில்லை என்பது இரண்டு மொழியிலும் பழக்கம். ஆங்கிலத்தில் "டென் புக்ஸ்" என்று எஸ் கட்டாயம். அதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை உற்சாகத்தில் போடக்கூடாத இடத்திலும் எஸ் போட்டு "இன்ஃபர்மேஷன்ஸ்", "ஃபர்னிச்சர்ஸ்" என்று எழுதும். இந்த நாட்டில் அலுவலகக் கடிதங்களிலேயே அவற்றைப் பார்க்கலாம் என்பதால் பிள்ளையை மட்டும் திட்டிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான குழி காலம். "நான் பத்து வருஷமாகக் கிள்ளானில் இருக்கிறேன்" என்கிறோம். "இருக்கிறேன்" நிகழ்காலம், நமக்கு அது சரி. அதை அப்படியே தூக்கி "ஐ ஆம் ஸ்டேயிங் இன் கிளாங் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று ஆங்கிலத்தில் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் லிவ்ட் இன் கிளாங் ஃபார் டென் இயர்ஸ்" என்று வர வேண்டும். பத்து வருஷம் என்பது கால அளவு, அதற்கு "ஃபார்". 2015 என்பது தொடங்கிய புள்ளி, அதற்கு "சின்ஸ்". மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதே இல்லை. "சுடா" என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தால் முடிந்தது வேலை. அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் "யூ ஈட் ஆல்ரெடி?" என்று கேட்கிறோம். பசித்தவனுக்கு அந்த ஆங்கிலம் போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. மூவெட் பேசும் தாளில் குழு உரையாடலில் அது வந்தால் பேசியவருக்குத்தான் நட்டம்.

இங்கே தமிழ்ப்பள்ளியைப் பற்றி ஒரு பேச்சு எழும். "தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் ஆங்கிலம் வரவில்லை" என்பார்கள். ஆங்கிலம் காதில் விழும் நேரம் குறைவு என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இலக்கணம் என்று வரும்போது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் கையிருப்பு இருக்கிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்த பிள்ளை அது. "அவன் போகிறான்", "அவள் போகிறாள்", "அவர்கள் போகிறார்கள்" என்று எழுவாய்க்கு ஏற்பப் பயனிலையை மாற்றுவது அதற்கு மூச்சு விடுவது போல. "அவள் போகிறான்" என்று யாராவது சொன்னால் ஐந்து வயதுக் குழந்தையும் சிரிக்கும். அதே பிள்ளை ஆங்கிலத்தில் "ஷி டோன்ட் நோ" என்று எழுதும்போது சிரிப்பு வருவதில்லை. "ஷி டோன்ட்" என்பது "அவள் போகிறான்" என்பதைப் போன்ற பிழை என்று ஒருமுறை தமிழில் எடுத்துச் சொன்னால் அது மனதில் ஒட்டிக்கொள்ளும். செயப்பாட்டுவினை என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைக்கு "பாசிவ் வாய்ஸ்" புதிய பாடமே அல்ல, புதிய பெயர்தான். இந்தக் கையிருப்பை எடுத்துச் செலவழிக்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பென்சிலை வைத்துவிட்டு

கிள்ளான் வீட்டுக்கே திரும்புவோம். ஆறு நூலில் ஐந்தை அவள் மூட்டை கட்டட்டும். அப்பா வாங்கி வந்த தடித்த புத்தகமும் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். மனசு கேட்காதுதான், இருந்தாலும் வேறு வழியில்லை.

முதலில் அவள் நூலைத் திறக்கக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளில் 100 சொல்லில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து, பிழை இருக்கும் இடத்தில் கோடு மட்டும் போடச் சொல்லிக் கேட்கலாம். திருத்தம் எழுத வேண்டாம். கோடு போட ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும், கேட்டால் மறுக்கமாட்டார். இப்படி மூன்று தாள் எழுதினால் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒரு பிள்ளையிடம் இருபது வகைப் பிழை இருப்பதில்லை. நான்கைந்து வகைதான் இருபது இடங்களில் தலைகாட்டும். அந்த நான்கைந்துக்கும் நூலின் பின்னாலுள்ள அகரவரிசைப் பட்டியலில் பாடத்தைத் தேட வேண்டும். அவளுடைய பாடத்திட்டம் அவ்வளவுதான்.

விடையை நூலில் எழுதாமல் ஒரு நோட்டில் எழுதட்டும். நூல் சுத்தமாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து அதே பயிற்சியை மறுபடி போடலாம். இரண்டாம் முறையும் சரியாக வந்தால்தான் அந்தப் பாடம் கைக்கு வந்தது என்று பொருள். பென்சிலால் எழுதி அழித்துக்கொள்ளலாம் என்பார்கள். அழித்த தடம் விடையைக் காட்டிக்கொடுக்கும். தவிர, வீட்டில் தம்பி இருக்கிறான், அவனுக்கும் நூல் வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் விடையைப் பார்த்துச் சரி, தவறு என்று குறித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று இடப்பக்க விளக்கத்தில் தேட வேண்டும். அடுத்து, அதே இலக்கணத்தில் தன் வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். நூலில் யாரோ ஓர் ஆங்கிலேயர் எடின்பரோவில் பத்து வருடமாக இருப்பார். அவள் எழுத வேண்டியது தன் அப்பா எத்தனை வருடமாக லாரி ஓட்டுகிறார், அம்மா எந்த வருடத்திலிருந்து தைக்கிறார் என்பதை. தேர்வில் கட்டுரை எழுதும்போது எடின்பரோக்காரர் வந்து உதவமாட்டார்.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் போகும் நேரம் ஒரு பாடத்துக்குத் தாராளம். ரயிலில் எழுத முடியாது. ஆனால் இடப்பக்க விளக்கத்தைப் படித்துவிட்டு, கண்ணை மூடி மூன்று உதாரணம் சொல்லிப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

கைப்பேசி இருக்கிறதே, அதுவே திருத்திவிடுமே என்று கேட்கும் மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். திருத்தும்தான். வீட்டில் திருத்துகிற ஆள் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவிதான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கையால் எழுது, பிழை எங்கே இருக்கும் என்று நீயே குறி, அதற்குப் பிறகு கைப்பேசியிடம் காட்டு. நீ குறித்ததும் அது குறித்ததும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்து, அந்தப் பாடத்துக்கு நூலைத் திற. எடுத்த எடுப்பிலேயே கைப்பேசியிடம் கொடுத்துவிட்டால், கட்டுரை திருந்திவிடும், எழுதியவர் அப்படியே இருப்பார். தேர்வு மண்டபத்துக்குள் கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

கடைசியாக, ஆங்கிலம் தெரியாத அம்மா அப்பாவுக்கு. "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, நாங்கள் என்ன செய்ய முடியும்? புத்தகம் வாங்கிக் கொடுக்கத்தான் முடியும்" என்கிறார்கள். அதனால்தான் அலமாரியில் ஆறு நூல் சேர்ந்தது. அது அன்புதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவால் ஒன்று முடியும். இரவு தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்னம்மா படிச்சே? எனக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேட்க முடியும்.

மகள் சொல்வாள்: "ஃபார்னா எவ்வளவு காலம்னு சொல்றதும்மா. சின்ஸ்னா எப்போலேருந்துன்னு சொல்றது."

"அப்போ, நான் கல்யாணம் ஆனதுலேருந்து தைக்கிறேன்னு சொல்லணும்னா எது வரும்?"

அங்கே அவள் ஒரு நிமிடம் நிற்பாள். கல்யாணம் ஆனது ஒரு புள்ளியா, ஒரு காலமா? நூலில் இருந்த உதாரணங்களில் ஆண்டுகளும் மாதங்களும்தான் இருந்தன. "இரும்மா, பார்த்துட்டு வர்றேன்" என்று எழுந்து போய், பென்சில் படாத அந்தப் பக்கத்தை மறுபடியும் திறப்பாள்.